காலடியில் ஓடும் மின்சாரம்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

நிலவில் மனிதன் கால் வைத்தது 1969ஆம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டு அன்றைய சோவியத் நாட்டின் கோலா தீபகற்பத்தில் அறிவியலார் தரையைத் துளையிடத் தொடங்கினர். 1989இல் அவர்கள் எட்டிய ஆழம் 12,262 மீட்டர். அதற்கு மேல் செல்லப் பாறையின் வெப்பம் இடம் கொடுக்கவில்லை. பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலவுக்குச் சென்று மண்ணும் கல்லும் அள்ளி வந்த மனிதனால், தன் காலடியில் பதின்மூன்று கிலோமீட்டர் ஆழத்தைத் தொட முடியவில்லை!

துளையிட முடியாத ஆழத்தை எப்படி அறிவது? நிலநடுக்க அலைகள் ஒரு வழி. புவியீர்ப்பு அளவீடு இன்னொரு வழி. மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதைப் பற்றி நம் வகுப்பறைகளில் நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். பூமியின் மேற்பரப்பில் எந்நேரமும் இயற்கையாகவே ஓடிக் கொண்டிருக்கும் மெல்லிய மின்னோட்டங்களையும், அவற்றோடு சேர்ந்து துடிக்கும் காந்தப்புலத்தையும் அளந்து, அடியில் இருப்பது என்ன என்று கணிக்கும் முறையே அது. வெடி வேண்டாம், மின்னாக்கி வேண்டாம், மண்ணுக்குள் நாம் எதையும் செலுத்த வேண்டாம். காது கொடுத்துக் கேட்டால் போதும்.

இம்முறையைப் புகழ்வது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. இக்கலையை நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள் கற்காமல் விட்டதால், இதன் பெயரைச் சொல்லி ஏழை உழவரிடம் பணம் பறிப்போர் பெருகிவிட்டனர். ஆகவே இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை ஊருக்கு எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு என்பதே என் கருத்து.

பழைய கதை

கார்ன்வால் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. செம்பும் வெள்ளீயமும் வெட்டி எடுத்த சுரங்கங்கள் நிறைந்த பகுதி. அங்கே இராபர்ட் வேர் ஃபாக்ஸ் என்பவர், சுரங்கத்துக்குள் தாது படிந்த பாறையின் மீது செப்புத் தகடுகளைப் பொருத்தி, அவற்றைக் கம்பியால் கால்வனாமீட்டருடன் இணைத்தார். முள் அசைந்தது! மின்கலம் எதுவும் இல்லாமலேயே மின்னோட்டம் ஓடியது. 1830இல் அவர் இதை வெளியிட்டார். கந்தகத் தாதுக்கள் மண்ணுக்குள் ஒரு மின்கலம் போலச் செயல்படுகின்றன என்பதைப் பின்னர் அறிந்தனர். ‘தன்மின்னழுத்த முறை’ என்று நாம் இன்று சொல்வதற்கு இதுவே தொடக்கம். 1913இல் கான்ராடு ஷ்லம்பர்ஜே என்ற பிரெஞ்சுக்காரர், செர்பியாவில் போர் என்ற ஊரில், இம்முறையைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத தாதுப் படிவத்தைக் கண்டுபிடித்தார்.

தந்திக் கம்பிகள் வந்தபோது வேறொரு வியப்பு காத்திருந்தது. 1847இல் இங்கிலாந்தின் இரயில்வே தந்திக் கம்பிகளில், யாரும் செய்தி அனுப்பாதபோதும் முள் அசைவதைப் பார்லோ என்ற பொறியாளர் கவனித்தார். 1859 செப்டம்பரில் சூரியனில் பெரும் கொந்தளிப்பு நிகழ்ந்தது. அப்போது அமெரிக்காவில் பாஸ்டன், போர்ட்லண்ட் ஆகிய இரு நகரங்களின் தந்திப் பணியாளர்கள் மின்கலங்களைக் கழற்றி வைத்துவிட்டு, பூமியில் ஓடிய மின்னோட்டத்தை மட்டும் கொண்டே சுமார் இரண்டு மணி நேரம் செய்தி பரிமாறிக் கொண்டனர். வேடிக்கையாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி, வினையாகவும் மாறக்கூடும். 1989 மார்ச் 13ஆம் நாள் இத்தகைய காந்தப் புயலொன்றால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். அங்குள்ள பழம்பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எனவே தூண்டப்பட்ட மின்னோட்டம் மின்வாரியக் கம்பிகளுக்குள் புகுந்துவிட்டது.

தட்டுவது யார்?

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்றால் நல்ல பானை. ‘டப்’ என்றால் விரிசல். பூமி என்னும் பானையையும் ஓயாமல் யாரோ சுண்டிக் கொண்டிருக்கிறார்கள். ஒருவர் இடிமேகம், மற்றவர் சூரியன்.

உலகம் முழுவதிலும் விநாடிக்கு நாற்பது முதல் ஐம்பது மின்னல்கள் வெட்டுகின்றன. ஒவ்வொன்றும் எழுப்பும் மின்காந்த அலை, பூமிக்கும் அயனி மண்டலத்துக்கும் இடைப்பட்ட வெளியில் எதிரொலித்துச் சுற்றி வருகிறது. அந்த எதிரொலியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 7.8 ஹெர்ட்ஸ். ஷூமான் என்ற செருமானிய அறிஞர் 1952இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மெதுவான துடிப்புகளுக்குக் காரணம் சூரியக் காற்று. அது பூமியின் காந்த மண்டலத்தில் மோதும்போது விநாடிக் கணக்கிலும், நிமிடக் கணக்கிலும், மணிக் கணக்கிலும் நீளும் ஏற்ற இறக்கங்கள் உண்டாகின்றன.

மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831இல் ஃபாரடே காட்டியதை நாம் அனைவரும் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். இங்கே கடத்தி பூமியே. தூண்டப்பட்ட மின்புலத்தையும் தூண்டிய காந்தப்புலத்தையும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், அடியிலுள்ள பாறையின் மின்தடை எண் கிடைக்கும். சுண்டிய விரலின் வலிமை எவ்வளவு என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. வகுத்தலில் அது நீங்கிவிடுகிறது. சோவியத் அறிஞர் டிக்கனோவ் 1950இலும், பிரெஞ்சு அறிஞர் காக்னியார் 1953இலும் இக்கருத்தைத் தனித்தனியே வெளியிட்டனர். ஆங்கிலத்தில் மேக்னட்டோடெல்லூரிக் முறை என்பர். நாம் நிலமின்காந்த முறை என்று அழைக்கலாம்.

ஆழத்தை அறிவது எப்படி? வேகமாகத் துடிக்கும் அலை மேலேயே அடங்கிவிடும். மெதுவாகத் துடிப்பது ஆழம் வரை செல்லும். இதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. மின்தடை எண்ணை (ஓம்-மீட்டரில்) அதிர்வெண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503ஆல் பெருக்கினால், அலை இறங்கும் ஆழம் மீட்டரில் கிடைக்கும். மின்தடை எண் 100 என்று கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் அலை சுமார் 500 மீட்டர் இறங்கும். 1 ஹெர்ட்ஸ் அலை 5 கிலோமீட்டர் இறங்கும். நூறு விநாடிக்கு ஒருமுறை துடிக்கும் அலையோ 50 கிலோமீட்டர் செல்லும். கோலாவில் பத்தொன்பது ஆண்டுகள் துளைத்தும் எட்டாத ஆழத்தை, ஒரு வயல்வெளியில் கருவியை வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தே எட்டிவிடலாம்.

நம் நாட்டில் 1961இல் தொடங்கப்பட்ட ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இத்துறையில் பெரும்பணி ஆற்றியிருக்கிறது. சௌராட்டிரத்தில் எரிமலைப் பாறை மூடிய நிலத்துக்கு அடியில் நிலநடுக்க அலை முறை தடுமாறியது. அங்கே மறைந்து கிடக்கும் படிவுப் பாறைகளைத் தேட நிலமின்காந்த முறை பயன்பட்டது. இலடாக்கில் சுமார் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள பூகா பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகளுக்குக் கீழே, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், மின்சாரத்தை நன்கு கடத்தும் பகுதி ஒன்று இருப்பதை இம்முறை காட்டியது. பூமியின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க விரும்புவோருக்கு அது அரிய செய்தி.

அமைதியின் விலை

இத்துறையின் பெரும் பகை இரைச்சல். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் காந்த அளவீடுகள் எடுக்கப்பட்டன. நகரில் மின்சார டிராம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. டிராம் தண்டவாளத்திலிருந்து மண்ணில் கசியும் மின்னோட்டம் நுண்ணிய காந்தக் கருவிகளைக் குழப்பிவிடும். ஆய்வகத்தின் இயக்குநரான நானாபாய் பிராம்ஜி மூஸ், டிராம் ஓடத் தொடங்கும் முன்பே 1904இல் கடல் கடந்து அலிபாகில் இரும்பு கலவாத கட்டடத்தில் புதிய ஆய்வகத்தை அமைத்தார். இரண்டாண்டுகள் இரு இடங்களிலும் ஒருசேர அளந்து, பழைய பதிவும் புதிய பதிவும் அறுபடாமல் தொடரச் செய்தார். வளர்ச்சியை அவர் எதிர்க்கவில்லை. ஆனால் அதன் பொருட்டு அளவீட்டைப் பலி கொடுக்கவும் இல்லை. இந்த முன்யோசனை நம் ஒவ்வொருவருக்கும் பாடம்.

இன்று நம் ஊர்ப்புறத்திலும் அமைதி அரிது. மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ், கிணற்று மோட்டார், மின்வேலி, மின்சார இரயில் எல்லாமே பூமியின் மெல்லிய குரலை மூழ்கடிக்கின்றன. நள்ளிரவில் கரண்ட் போனால் ஊரே சபிக்கும். வயலில் கருவி வைத்திருப்பவர் மட்டும் மகிழ்வார்! இந்தச் சிக்கலுக்கு 1979இல் அமெரிக்காவின் பெர்க்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அழகான வழி ஒன்று சொன்னார்கள். ஒரே வேளையில் தொலைவில் இன்னோர் இடத்திலும் காந்தப்புலத்தை அளக்க வேண்டும். இரு இடங்களிலும் பொதுவாகத் தெரிவது இயற்கையின் குரல். ஓரிடத்தில் மட்டும் தெரிவது பெரும்பாலும் அந்த இடத்தின் இரைச்சல். ஒரு சாட்சியை மட்டும் நம்பாதே என்பது நீதிமன்றத்துக்கு மட்டுமன்று, அறிவியலுக்கும் பொருந்தும்.

அந்த விதியை மறந்தவர்கள் பட்ட பாடும் உண்டு. கலிபோர்னியாவில் 1989 அக்டோபர் 17இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்கு முன்பு, அருகிலிருந்த ஒரே ஒரு காந்தக் கருவியில் பெரிய துடிப்புகள் பதிவாயின. நிலநடுக்கத்தை முன்கூட்டியே அறிய வழி பிறந்துவிட்டது என்று உலகமே பேசியது. இருபது ஆண்டுகள் கழித்து அப்பதிவை மறு ஆய்வு செய்தவர்கள், அது கருவியின் கோளாறாகவே இருக்கக்கூடும் என்று எடுத்துக் காட்டினர். கிரேக்க நாட்டில் 1980களில் தொடங்கிய மின்சைகை வழி நிலநடுக்கக் கணிப்பும் இன்றுவரை அறிஞரிடையே ஒப்புதல் பெறவில்லை.

போர் வண்டியும் புகையும்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தருமபுரி, சேலம், நாமக்கல் பகுதிகளின் பாறை நிலத்தில் உழவர் வாழ்வு ஆழ்துளைக் கிணற்றையே நம்பி நிற்கிறது. வேப்பங்குச்சியும் தேங்காயும் கொண்டு ‘பாயிண்ட்’ பார்த்தவர்களின் இடத்தை இப்போது பெட்டியும் திரையும் பிடித்துக் கொண்டன. என் பெரியப்பாவின் நிலத்துக்கும் அப்படி ஒருவர் வந்தார். பூமியின் இயற்கை மின்சாரத்தைக் கொண்டே தம் கருவி பார்க்கும் என்றார். இரண்டு கம்பிகளைத் தரையில் ஊன்றி நகர்த்தினார். திரையில் வண்ணப்படம் வந்தது.

“ஐயா, இந்த நீலத்தைப் பாருங்க. நானூத்தி இருபது அடியில ரெண்டு இஞ்சு தண்ணி. எழுதியே தர்றேன்.”

பெரியம்மாவின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போயின. போர் வண்டி வந்தது. நானூற்று இருபது அடியில் புகைதான் பறந்தது. “இன்னும் கொஞ்சம் போனா வந்துடும்” என்று கைப்பேசியில் சொன்னார். அறுநூற்று ஐம்பது அடியிலும் புகைதான். அதன்பின் அவர் கைப்பேசியை எடுக்கவில்லை. எழுதித் தருவதாகச் சொன்ன காகிதமும் வரவில்லை.

இதில் அறிவியல் எவ்வளவு என்று நம் வாய்பாட்டைக் கொண்டே பார்ப்போம். எங்கள் பக்கத்துக் கெட்டிப் பாறைக்கு மின்தடை எண் 2,500 ஓம்-மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் அலை அதில் சுமார் 800 மீட்டர், அதாவது இரண்டாயிரத்து அறுநூறு அடி இறங்கும். அந்த அலை தரும் எண், அத்தனை பெரிய பாறைத் தொகுதி முழுவதும் சேர்ந்து எழுப்பும் குரல். 200 மீட்டர் ஆழத்தை மட்டும் குறி வைக்க வேண்டுமானால் ஏறத்தாழ 16,000 ஹெர்ட்ஸ் அலை வேண்டும். மேலே ஈரமண் கனமாக இருந்தால் கணக்குச் சற்று மாறும், போக்கு மாறாது. போதாக்குறைக்கு, 1,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை இயற்கைச் சைகை மிகமிக மெலிந்து கிடக்கும் பகுதி. அங்கே நம்பத்தக்க எண்ணைப் பெறத் தேர்ந்த கருவிகளே திணறும்.

இன்னொன்று. பாறை நிலத்தில் தண்ணீர் இருப்பது விரிசல்களில். ஒரு சாண் அகலமுள்ள விரிசல் நானூறு அடிக்குக் கீழே இருந்தால் மேலிருந்து அதைப் பிரித்தறிய இம்முறையால் இயலாது. மின்சாரம் நன்றாகக் கடத்தப்படுகிறது என்று தெரிந்தாலும் அது தண்ணீர்தான் என்று சொல்லிவிட முடியாது. களிமண்ணும் கடத்தும்; உவர்நீரும் கடத்தும்; கிராஃபைட்டும் கடத்தும். திரையில் தெரியும் நீல நிறம் தண்ணீரின் நிறமன்று. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு நீல நிறம் கொடுக்கலாம் என்று யாரோ கணிப்பொறியில் எழுதி வைத்தது!

அப்படியானால் இம்முறையே பயனற்றதா? இல்லை. சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் இருக்கிறது, பல மீட்டர் அகலமுள்ள முறிவு மண்டலம் எந்தத் திசையில் ஓடுகிறது, குறுக்கே கருங்கல் சுவர்போல் பாறைச் செருகல் உள்ளதா என்பவற்றை இத்தகைய மின் அளவீடுகள் சொல்லக்கூடும். நாமே மின்னோட்டம் செலுத்தி அளக்கும் மின்தடை முறை, நிலப்படம், சுற்றியுள்ள பழைய கிணறுகளின் வரலாறு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால் தோல்வி குறையும். நேர்மையான ஆய்வாளர் ‘இங்கே வாய்ப்பு அதிகம், அங்கே குறைவு’ என்பார். அடிக்கணக்கும் இஞ்சுக் கணக்கும் சொல்லிச் சத்தியம் செய்பவரைக் கண்டால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

‘இதெல்லாம் பெரிய ஆய்வகங்களின் வேலை, பாடத்திட்டத்தில் இல்லை, செலவுக்கு எங்கே போவது?’ என்று கேட்பவர் உண்டு. முழுமையான நிலமின்காந்தக் கருவி பல இலட்சம் விலை என்பது உண்மையே. அதை நான் கேட்கவில்லை. மெருகிடாத இரண்டு மண்சட்டி, செப்புக் கம்பி, மயில்துத்தக் கரைசல், நல்ல மின்னணு மல்டிமீட்டர், நூறு மீட்டர் கம்பி போதும். இரும்புக் கம்பியை மண்ணில் ஊன்றினால் அதுவே மின்கலம் போல் மாறி ஏமாற்றும். மயில்துத்தத்தில் நிற்கும் செம்பு அப்படி எளிதில் ஏமாற்றாது. முதலில் இரு சட்டிகளையும் ஒரே வாளி ஈரமண்ணில் வைத்து, வேறுபாடு ஓரிரு மில்லிவோல்ட்டுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு சட்டியை ஓரிடத்தில் நிலைநிறுத்தி, மற்றதை ஏரிக்கரை நெடுக ஐந்து மீட்டருக்கு ஒருமுறை நகர்த்தி அளக்கலாம்.

ஏன் ஏரிக்கரை? மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் ஓடும்போது மின்னூட்டத்தையும் இழுத்துச் செல்கிறது. அதனால் சில மில்லிவோல்ட் முதல் சில பத்து மில்லிவோல்ட் வரை அழுத்த வேறுபாடு பிறக்கிறது. அணைகளில் கசியும் இடத்தைத் தேட இம்முறையைக் கையாள்கின்றனர். மழைக்காலத்தில் ஏரி உடைந்து ஊர் மூழ்கும் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். கரையின் எந்த இடத்தை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவர் குழு சொல்ல முடிந்தால், அது எவ்வளவு பெரிய தொண்டு! அங்கும் ஒரே நாள் அளவை நம்பாமல், நீர் நிறைந்தபோதும் வற்றியபோதும் அளந்து ஒப்பிட வேண்டும்.

கல்லூரித் திடலில் நிலமின்னோட்டத்தையும் பதிய முயலலாம். ஐம்பது மீட்டர் இடைவெளியில் அது பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். மிகைப்பி ஒன்றை நாமே கட்ட வேண்டும். முதல் வாரம் விடுதித் தண்ணீர் மோட்டாரின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. அதுவும் பாடமே. எது பூமியின் குரல், எது மோட்டாரின் குரல் என்று பிரித்தறியப் பழகிய மாணவன், நாளை தன் ஊரில் பெட்டியோடு வந்து நிற்பவரிடம் நான்கு கேள்வி கேட்பான். எந்த அதிர்வெண்ணில் அளந்தீர்கள்? எத்தனை முறை அளந்தீர்கள்? இரைச்சலை எப்படி நீக்கினீர்கள்? இதற்கு முன் நீங்கள் சொன்ன இடங்களில் எத்தனை பொய்த்தன?

தென்னாட்டில் பிறந்த நமக்கு இத்துறையில் ஒரு தனி உரிமையும் உண்டு. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. பகல் வேளையில் நம் தலைக்கு மேல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், அந்தக் கோட்டை ஒட்டி ஒரு பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அதனை ஆராய்வதற்காகவே திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. வெளிநாட்டு மாணவர்கள் நூலில் மட்டுமே படிப்பதை நாம் ஒரு பேருந்துப் பயணத்தில் நேரில் கண்டு வரலாம். அடுத்த ஆண்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு ஊட்டியையும் கொடைக்கானலையும் விட்டு இவ்விடத்தைத் தேர்ந்தெடுக்குமாறு ஆசிரியப் பெருமக்களைப் பணிவன்போடு கேட்டுக் கொள்கிறேன்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது, “படிச்ச பையன் நீ சொல்லப்பா, இங்க போர் போடலாமா?” என்று கேட்பார்கள். ‘தண்ணீர் நிச்சயம் வரும்’ என்று சொல்லும் ஆற்றல் எந்தக் கல்லூரியும் தராது. ஆனால் எதை அளந்தால் எவ்வளவு தெரியும், எதை யார் சொன்னாலும் நம்பக் கூடாது என்று சொல்லும் ஆற்றலை நம் இயற்பியல் துறை தர முடியும். அதற்கான மண்சட்டிகள் நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. வரும் பருவத்திலேயே தொடங்குவோம்.